மிசிசிப்பியின் இரண்டாவது தொகுதி: இங்கு வாழும் தமிழ் வாக்காளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மிசிசிப்பி மாநிலத்தில் குடியுரிமை பெற்று, வாக்காளராகவும் பதிவு செய்துகொண்டுள்ள தமிழ் அன்பர்களுக்கு,

வணக்கம்.

சென்ற பொங்கல் விழாவில் பந்தி முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது, தம்பி ஒருவர் தம் கைபேசியில் இம்மாநிலத்தின் நாடாளுமன்றத் தொகுதி வரைபடத்தைக் காட்டி, "இது என்ன அண்ணா, மேற்கு ஓரம் முழுக்கப் பாம்பு மாதிரி நீண்டு கிடக்கிறது? கறுப்பினத்தவருக்கு ஒதுக்கின தனித்தொகுதியா? ஒரே ஆள் முப்பது வருஷமாக ஜெயித்துக்கொண்டிருக்கிறாரே" என்று கேட்டார். சுற்றியிருந்தவர்கள் ஆமோதித்தார்கள். இது நியாயமில்லை என்றும், கோட்டை நேராக வரைந்துவிட்டால் தீர்ந்தது என்றும் ஒருவர் சொன்னார். அன்று நான் வாய் திறக்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து நின்றுகொண்டே சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல அது. நம்மில் பலர் ஜாக்சனைச் சுற்றியுள்ள ஹைன்ட்ஸ், மேடிசன் கவுண்டிகளில் வாழ்கிறோம். இரண்டாம் தொகுதிக்கும் மூன்றாம் தொகுதிக்கும் இடையிலான கோடு இவ்விரண்டு கவுண்டிகளுக்கும் ஊடாகவே செல்கிறது. ஆகவே அந்தப் பதிலை இப்போது எழுத்தில் தருகிறேன்.

முதலில் தனித்தொகுதி என்ற சொல்லை நீக்கிவிட வேண்டும். இந்தியாவில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதியில் அப்பிரிவினர் மட்டுமே வேட்பாளராக நிற்க முடியும். அமெரிக்காவில் அப்படி ஓர் ஏற்பாடு எங்கும் இல்லை. இரண்டாம் தொகுதியில் யாரும் நிற்கலாம், யாரும் வெல்லலாம். கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழும்படி நீதிமன்றம் இத்தொகுதியை அமைத்த பின் நடந்த முதல் இரண்டு தேர்தல்களிலும், 1982இலும் 1984இலும், வென்றவர் வெப் ஃபிராங்க்ளின் என்ற வெள்ளையரான குடியரசுக் கட்சிக்காரர்.

இத்தொகுதியின் உயிர்நிலை டெல்டா. டெல்டா என்றதும் நமக்குக் காவிரியின் கடைமடை நினைவுக்கு வரும். இது கடலோரமும் அல்ல, ஆற்றின் முகத்துவாரமும் அல்ல. மிசிசிப்பி ஆற்றுக்கும் யாசூ ஆற்றுக்கும் நடுவே, மெம்பிஸுக்குத் தெற்கிலிருந்து விக்ஸ்பர்க் வரை, இலை வடிவில் கிடக்கும் வண்டல் சமவெளி. மண்ணின் வளத்தைப் பொறுத்தவரை தஞ்சைக்குச் சளைத்ததல்ல. அந்த மண்ணில் பருத்தி விளைவித்தவர்கள் முதலில் அடிமைகளாகவும், பிறகு வாரச் சாகுபடி செய்யும் கூலிகளாகவும் இருந்த கறுப்பின மக்கள். எண்ணிக்கையில் அவர்களே மிகுதி. நிலமும் அதிகாரமும் பண்ணையார்கள் கையில். இந்த ஏற்றத்தாழ்வை அப்படியே காப்பாற்றுவதற்குத் தொகுதிக் கோடு எப்படியெல்லாம் வளைக்கப்பட்டது என்பதே இத்தொகுதியின் வரலாறு.

உள்நாட்டுப் போர் முடிந்து, 1870இல் மிசிசிப்பி மீண்டும் ஒன்றியத்தில் சேர்க்கப்பட்டபோது, கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை இருந்தது. அதன் பலன் உடனே தெரிந்தது. அமெரிக்க மேலவையின் முதல் கறுப்பின உறுப்பினரான ஹைரம் ரெவல்ஸை அனுப்பியது இம்மாநிலமே. அடுத்துச் சென்ற பிளாஞ்ச் புரூஸ் டெல்டாவின் பொலிவர் கவுண்டிக்காரர். அடிமையாகப் பிறந்து, நாட்செஸ் நகரில் புகைப்படக் கலைஞராகத் தொழில் செய்த ஜான் ராய் லிஞ்ச், இருபத்தைந்து வயது நிறைவதற்கு முன்பே மாநிலச் சட்டமன்றத்தின் அவைத்தலைவர் ஆனார்; 1872 தேர்தலில் வென்று பிரதிநிதிகள் அவைக்கும் சென்றார்.

1875இல் துப்பாக்கி முனையில் மாநில ஆட்சி வெள்ளையர் ஆதிக்கத்தை நாடியவர்கள் கைக்கு மாறியது. புதிதாக வந்தவர்கள் மறு ஆண்டே தொகுதிகளை மாற்றி வரைந்தார்கள். மிசிசிப்பி ஆற்றின் கரையோரமாக, மாநிலத்தின் வடக்கு எல்லையிலிருந்து தெற்கு எல்லை வரை ஒரு நீண்ட பட்டையைப் பிரித்தெடுத்து, முடிந்தவரை கறுப்பின வாக்குகளை அதற்குள் அடைத்து, மற்ற ஐந்து தொகுதிகளிலும் வெள்ளையருக்குப் பெரும்பான்மை கிடைக்கச் செய்தார்கள். அந்தப் பட்டைக்கு அக்காலத்து மக்கள் வைத்த பெயர் 'காலணிக் கயிறு'. அடைத்து வைத்தது மட்டும் போதாமல், அந்த ஒற்றைத் தொகுதியிலும் லிஞ்சைத் தோற்கடித்தார்கள். 1880இல் அவர் மீண்டும் நின்றபோது, அவருக்கு விழுந்த ஆயிரக்கணக்கான வாக்குகளைச் செல்லாதவை என்று ஒதுக்கிவிட்டு, உள்நாட்டுப் போரில் பிரிந்து நின்ற தென்மாநிலக் கூட்டமைப்பின் முன்னாள் படைத்தளபதி ஜேம்ஸ் சால்மர்ஸ் வென்றதாக அறிவித்தார்கள். லிஞ்ச் விடவில்லை, பிரதிநிதிகள் அவையிலேயே முறையிட்டு, 1882 ஏப்ரலில் தம் இருக்கையைப் பெற்றார். ஆனால் அதே ஆண்டில் கோடுகள் மறுபடி மாறின. தேர்தலில் அவர் தோற்றார். 1883 மார்ச்சில் அவர் அவையை விட்டு வெளியேறியதற்குப் பின், இம்மாநிலத்திலிருந்து அடுத்த கறுப்பின உறுப்பினர் அந்த அவைக்குள் நுழைய 104 ஆண்டுகள் ஆயின.

1882இல் டெல்டாவை மையமாகக் கொண்ட தொகுதி ஒன்று உருவானது. அதன் பிறகு ஏறத்தாழ எட்டுப் பத்தாண்டுகள் டெல்டா ஒரே தொகுதியாகவே இருந்தது. காரணத்தை 1890ஆம் ஆண்டு அரசியலமைப்பில் காணலாம். வாக்களிக்க இரண்டு டாலர் வரி கட்ட வேண்டும். அரசியலமைப்பின் ஒரு பிரிவைப் படிக்கவோ, படிக்கக் கேட்டு விளக்கவோ வேண்டும். விளக்கம் சரியா என்று முடிவு செய்பவர் பதிவு அலுவலர். 'கறுப்பினம்' என்ற சொல் அந்த விதிகளில் இல்லை என்பதையே காரணமாகக் கொண்டு, 1898இல் உச்ச நீதிமன்றமும் அவற்றை ஏற்றுக்கொண்டது. இதில் மனத்தை உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. அந்த அரசியலமைப்பு மாநாட்டில் இருந்த ஒரே கறுப்பினப் பேராளர் ஐசையா மாண்ட்கோமரி, டெல்டாவில் மவுண்ட் பயூ என்ற கறுப்பினக் குடியேற்றத்தை நிறுவியவர். அவரே அந்த விதிகளை ஆதரித்துப் பேசினார். தம் ஊரை விட்டுவைப்பார்கள் என்று எண்ணினாரோ என்னவோ.

ஆகவே அந்த எண்பது ஆண்டுகளில் டெல்டாவை உடைக்க வேண்டிய தேவை யாருக்கும் எழவில்லை. மக்கள்தொகைக் கணக்கில் கறுப்பினத்தவர் எண்ணப்பட்டார்கள். அந்தத் தலைக்கணக்கால் தொகுதிக்கு இருக்கை கிடைத்தது. வாக்குப்பெட்டியருகே மட்டும் அவர்கள் வரவில்லை. அந்த இருக்கையில் அமர்ந்தவர்கள் பண்ணையார்களுக்கு வேண்டியதைத் திறமையாகவே பெற்றுத் தந்தார்கள். குறிப்பாக ஆற்றங்கரைகள். 1927 ஏப்ரல் 21 அன்று கிரீன்வில்லுக்கு வடக்கே மவுண்ட்ஸ் லேண்டிங்கில் கரை உடைந்து டெல்டா மூழ்கிய பின், 1928ஆம் ஆண்டு வெள்ளத்தடுப்புச் சட்டம் கரைகளைக் கூட்டாட்சி அரசின் பொறுப்பாக்கியது.

அந்த நீண்ட காலத்தில் வேறு சுருதியில் பேசியவர் ஒருவர் உண்டு. 1951 முதல் 1963 வரை டெல்டாவின் உறுப்பினராக இருந்த ஃபிராங்க் ஸ்மித், கென்னடியை ஆதரித்த மிதவாதி. 1960 கணக்கெடுப்பில் மாநிலத்தின் ஆறு இருக்கைகள் ஐந்தாகக் குறைந்தபோது, சட்டமன்றம் அவருடைய தொகுதியை ஜேமி விட்டனின் தொகுதியோடு இணைத்தது. 1962இல், ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சித் தேர்தலில் ஸ்மித் தோற்றார். விட்டனோ 1941 முதல் 1995 வரை அவையில் இருந்தவர். வேளாண்மைக்கான நிதியைத் தீர்மானிக்கும் துணைக்குழு நெடுங்காலம் அவர் கையில் இருந்ததால், நாட்டின் 'நிரந்தர வேளாண் அமைச்சர்' என்றே அவரை அழைத்தார்கள். முப்பது வருடம் ஒரே ஆள் என்று வியந்த தம்பிக்கு இந்த ஐம்பத்து மூன்று ஆண்டுகளையும் நினைவூட்ட விரும்புகிறேன்.

அந்த விட்டனை எதிர்த்து 1964இல் கட்சித் தேர்தலில் நின்றவர் ஃபேனி லூ ஹேமர். சன்ஃபிளவர் கவுண்டியின் ரூல்வில் ஊரருகே ஒரு பண்ணையில் வாரச் சாகுபடித் தொழிலாளியாகவும் வேலைநேரக் கணக்காளராகவும் இருந்தவர். 1962 ஆகஸ்ட் 31 அன்று பதினேழு பேருடன் பேருந்தில் இண்டியனோலா நீதிமன்றத்துக்குப் போய், வாக்காளராகப் பதிவு செய்ய மனு கொடுத்தார். மாநில அரசியலமைப்பின் ஒரு பிரிவுக்கு விளக்கம் எழுதச் சொன்னார்கள், தேறவில்லை என்றார்கள். அன்றிரவே பதினெட்டு ஆண்டுகள் உழைத்த பண்ணையிலிருந்து வெளியேற்றப்பட்டார். அடுத்த ஆண்டு வினோனா சிறையில் அவர் வாங்கிய அடியின் விளைவுகள் அவர் உயிர் உள்ளவரை உடம்பில் இருந்தன. கட்சித் தேர்தலில் அவருக்குக் கிடைத்தவை சில நூறு வாக்குகளே. போட்டியிட்ட தொகுதியின் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். ஆனால் மாநிலம் முழுவதும் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தவரில் நூற்றுக்கு ஏழு பேர்கூட அப்போது பட்டியலில் இல்லை.

ஹேமரும் அவருடைய மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சியினரும் அதோடு நிற்கவில்லை. பெரும்பான்மை மக்களை வாக்களிக்கவிடாமல் நடத்திய தேர்தல் செல்லாது என்று கூறி, மாநிலத்தின் ஐந்து உறுப்பினர்களும் பதவியேற்பதையே 1965 ஜனவரியில் வாஷிங்டனில் எதிர்த்தார்கள். ஐவரையும் அமரவைக்க 276 பேர் வாக்களித்தார்கள்; எதிர்த்தவர்கள் 149 பேர். முறையீடு செப்டம்பரில் தள்ளுபடியானது. இடையில், ஆகஸ்ட் 6 அன்று, வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது. இரண்டே ஆண்டுகளில் மிசிசிப்பியில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தவரில் பதிவானவர்கள் 60 விழுக்காட்டை நெருங்கினார்கள்.

அன்பர்களே, இந்த இடத்தில் சற்று நின்று கவனியுங்கள். எண்பது ஆண்டுகள் கைபடாமல் இருந்த டெல்டாவை, கறுப்பினத்தவர் வாக்களிக்கப் போகிறார்கள் என்பது உறுதியானதும், 1966இல் மாநிலச் சட்டமன்றம் குறுக்கே வெட்டி மூன்று தொகுதிகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தது. மேற்கே ஆற்றோரம் தொடங்கும் கோடுகள் கிழக்கே மாநிலத்தின் மறு எல்லையை நோக்கி நேராக ஓடின. பார்ப்பதற்கு அவ்வளவு ஒழுங்கு! பாம்பும் இல்லை, கயிறும் இல்லை. ஆனால் ஐந்து தொகுதிகளிலும் வெள்ளை வாக்காளர்களே பெரும்பான்மை. தொகுதிகளின் மக்கள்தொகை சமமாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1964இல் சொன்ன தீர்ப்பை நிறைவேற்றவே இவ்வாறு வரைந்ததாகச் சட்டமன்றம் விளக்கம் கூறியது. சமத்துவத்துக்காகச் சொல்லப்பட்ட தீர்ப்பே கத்தியாயிற்று. சுதந்திர ஜனநாயகக் கட்சியினர் தொடுத்த வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றம் இந்த வரைபடத்தை ஏற்றது. 1967இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 1876இல் அடைத்துவைத்தார்கள், 1966இல் பிய்த்துப்போட்டார்கள். கோட்டை நேராக வரைந்தால் நியாயம் வந்துவிடும் என்று பந்தியில் சொன்ன நண்பருக்கு என் பதில் இந்த 1966ஆம் ஆண்டு வரைபடம்தான்.

அந்த நேர்க்கோடுகள் பதினாறு ஆண்டுகள் நின்றன. 1980 கணக்கெடுப்புக்குப் பின்னும் டெல்டாவைப் பிளந்தே வைக்கும் வரைபடத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. ஆனால் வாக்குரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி மிசிசிப்பி போன்ற மாநிலங்கள் தேர்தல் விதியை மாற்றும் முன் கூட்டாட்சி அனுமதி பெற வேண்டியிருந்ததால், நீதித்துறை அமைச்சகம் அதை மறுத்துவிட்டது. 1982இல் நீதிமன்றமே டெல்டாவை மீண்டும் சேர்த்து இன்றைய இரண்டாம் தொகுதியை உருவாக்கியது. அதன் மக்கள்தொகையில் ஏறத்தாழ 53 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். எனினும் வாக்களிக்கும் வயதுடையோரை மட்டும் கணக்கிட்டால் அவர்கள் பாதிக்கும் குறைவு. தலையை எண்ணுவதும் வாக்கை எண்ணுவதும் வேறு வேறு.

1982 தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ராபர்ட் கிளார்க், 1967இல் ஹோம்ஸ் கவுண்டியிலிருந்து மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்வான ஆசிரியர். இருபதாம் நூற்றாண்டில் அந்த அவைக்குள் நுழைந்த முதல் கறுப்பினத்தவர். மிகச் சிறிய வித்தியாசத்தில் ஃபிராங்க்ளினிடம் தோற்றார். அதே 1982இல் வாக்குரிமைச் சட்டத்தின் 2ஆம் பிரிவு திருத்தப்பட்டு, கோடு வரைந்தவரின் உள்நோக்கத்தை மெய்ப்பிக்கத் தேவையில்லை, விளைவைக் காட்டினால் போதும் என்றானது. அதை வைத்து 1984இல் கறுப்பினத்தவர் பங்கு ஏறத்தாழ 58 விழுக்காடாகும்படி நீதிமன்றம் கோட்டைத் திருத்தியது. கிளார்க் அம்முறையும் நூலிழையில் தோற்றார். 1986இல்தான் யாசூ நகரைச் சேர்ந்த இளம் வழக்கறிஞர் மைக் எஸ்பி 52 விழுக்காடு அளவில் வாக்குப் பெற்று வென்றார். லிஞ்சுக்குப் பிறகு இம்மாநிலத்திலிருந்து அந்த அவைக்குள் நுழைந்த முதல் கறுப்பினத்தவர் அவர். வேளாண் குழுவில் இடம் பெற்று, வெள்ளை விவசாயிகளிடமும் ஆதரவு திரட்டி, அடுத்த தேர்தல்களில் எளிதாக வென்றார். 1993இல் கிளிண்டன் அவரை வேளாண் அமைச்சர் ஆக்கினார். பண்ணையார்களின் நிரந்தர அமைச்சர் என்று பெயரெடுத்த விட்டன் அப்போதும் அவையில் இருந்தார் என்பதைப் பார்க்கும்போது, வரலாற்றுக்குக் குறும்பும் உண்டு என்று தோன்றுகிறது. எஸ்பி விட்டுச்சென்ற இடத்துக்கு 1993 ஏப்ரலில் நடந்த இடைத்தேர்தலில் வென்றவரே போல்டன் ஊரைச் சேர்ந்த பென்னி தாம்ப்சன். 2021 ஜனவரி 6 கலவரத்தை விசாரித்த குழுவின் தலைவராக நாம் தொலைக்காட்சியில் கண்டவர் அவர்தான்.

இனி, தம்பி கேட்ட அந்த நீளத்துக்கு வருகிறேன். 1944இல் கிளார்க்ஸ்டேல் அருகே ஹாப்சன் பண்ணையில், விதைப்பு முதல் பொதி கட்டுவது வரை முழுக்க இயந்திரத்தாலேயே பருத்தி விளைவித்துக் காட்டினார்கள். கைகளுக்கு வேலை குறைந்தது. மக்கள் சிகாகோவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் போனார்கள். அந்த ஓட்டம் இன்றும் நிற்கவில்லை. 2010க்கும் 2020க்கும் இடையில் இத்தொகுதி 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மக்களை இழந்தது. மற்றத் தொகுதிகளுக்குச் சமமாக வேண்டுமானால் புதிய பகுதிகளைச் சேர்த்தாக வேண்டும். ஹைன்ட்ஸ் கவுண்டியின் எஞ்சிய பகுதியைச் சேர்த்தால் போதும், தொகுதி கச்சிதமாக இருக்கும் என்று தாம்ப்சன் தரப்பு கேட்டது. 2022 ஜனவரியில் சட்டமன்றம் மாறாக ஆடம்ஸ், வில்கின்சன் உள்ளிட்ட தென்மேற்குக் கவுண்டிகள் நான்கைச் சேர்த்தது. அதனால் தொகுதி ஏறக்குறைய மாநிலத்தின் முழு நீளத்துக்கும் ஆற்றோரமாக நீண்டது. ஆடம்ஸ் கவுண்டியின் தலைநகர் நாட்செஸ், லிஞ்சின் ஊர். தாம்ப்சனின் தொகுதிக்குள் அது வந்துசேர்ந்ததை எண்ணி நெகிழலாம்தான். ஆனால் வரைபடத்தில் தெரிவது 1876இன் காலணிக் கயிற்றின் சாயல். எனவே இப்பாம்பு கறுப்பினத்தவர் கேட்டுப் பெற்ற சலுகை அன்று. அவர்கள் கேட்டது டெல்டா உடையாதிருக்க வேண்டும் என்பது. வால் வேறு கைகளால் ஒட்டப்பட்டது. இதில் உள்நோக்கம் இருந்ததா, வெறும் கணக்குத்தானா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் 2013இல் உச்ச நீதிமன்றம் ஷெல்பி கவுண்டி வழக்கில் முன் அனுமதி முறையைச் செயலிழக்கச் செய்துவிட்டதால், இம்முறை வரைபடம் நடைமுறைக்கு வரும் முன் கூட்டாட்சி அரசின் அனுமதி எதுவும் தேவைப்படவில்லை. அண்டை மாநிலமான லூயிசியானாவின் வழக்கில் 2ஆம் பிரிவே கேள்விக்குள்ளாகி, 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுவாதம் கேட்டது.

இதெல்லாம் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையிலான பழைய கணக்கு, நேற்று வந்த நமக்கென்ன என்று சிலர் எண்ணலாம். இதே தொகுதியில் பொலிவர் கவுண்டியின் ரோஸ்டேல் ஊரில் சீன மளிகைக் கடைக்காரர் ஒருவரின் மகள் மார்த்தா லம் 1924இல் வெள்ளையர் பள்ளியிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். அவள் தந்தை காங் லம் தொடுத்த வழக்கில், ஆசியரைக் கறுப்பினத்தவரோடு சேர்த்து வகைப்படுத்த மாநிலத்துக்கு உரிமை உண்டு என்று 1927இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நடுவில் நிற்கலாம் என்று எண்ணியவர்களுக்குக் கோடு எங்கே போடப்படும் என்பதைப் பிறர் முடிவு செய்தார்கள்.

இந்தியாவில் 1971 கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டு நிறுத்திவைக்கப்பட்ட இருக்கைப் பங்கீடு மாறினால் தமிழ்நாட்டுக்கு என்ன ஆகும் என்று நாம் வாட்சப் குழுக்களில் நள்ளிரவு வரை வாதாடுகிறோம். அந்த அக்கறையில் நான்கில் ஒரு பங்கையாவது நாம் வாக்களிக்கும் மண்ணுக்கும் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 2020 கணக்கெடுப்பை அடுத்து, 2021 கோடையில் சட்டமன்றக் குழு பல ஊர்களில் பொதுமக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டங்களை நடத்தியது. அக்கூட்டங்களில் நான் ஒரு தமிழ் முகத்தையும் பார்க்கவில்லை. ஏனென்றால் நானும் போகவில்லை. 2030 கணக்கெடுப்பு முடிந்ததும் அப்படிக் கூட்டங்கள் நடக்குமானால், ஹைன்ட்ஸ் கவுண்டியிலிருந்தும் மேடிசன் கவுண்டியிலிருந்தும் குறைந்தது பத்துப் பேராவது சேர்ந்து போவோம். நம் தெரு எந்தத் தொகுதியில் விழ வேண்டும் என்று பேசுவதற்கு முன், டெல்டாவை எந்தக் காரணம் சொல்லியும் குறுக்கே வெட்டக் கூடாது என்பதை நாம் ஒரு வரியில் பதிவு செய்ய வேண்டும் என்பது என் கோரிக்கை. அதற்கு உடன்படாதவர்கள் இருப்பார்கள். அவர்களோடு அடுத்த பொங்கல் பந்தியில் உட்கார்ந்து பேச நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

அன்புடன்,
ஜாக்சன் அருகே வாழும் ஒரு தமிழ் வாக்காளர்